கடிவாயிற் பிறந்த சினம்

1885ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 26ஆம் நாள், பாரிசு மாநகரத்து அறிவியற் கழகத்தின் அவையிலே லூயி பாஸ்டர் ஒரு கட்டுரை படித்தார். கடியுண்டவர்க்கு அக்கடியின் பின்னரும் ‘ராஜ்’ வாராமல் தடுக்கும் முறை என்பது அதன் தலைப்பின் கருத்து. பிரெஞ்சு மொழியறியாத ஆங்கில மாணவன் ஒருவன் அந்தத் தலைப்பை எழுத்துக்கூட்டிப் படித்தால் திகைத்துப் போவான். ஏனெனில் ‘ராஜ்’ என்று பிரெஞ்சுக்காரர் ஒலிக்கும் அச்சொல்லும், ‘ரேஜ்’ என்று ஆங்கிலேயர் ஒலிக்கும் சொல்லும் எழுத்திலே ஒன்றுதான். ஓர் எழுத்தும் வேறுபாடில்லை. ஆங்கிலத்தில் அதற்குப் பெருஞ்சினம் என்பது பொருள். ‘கடித்தபின் சினம் வாராமல் தடுக்கும் முறை’ என்று அவன் பொருள் கொண்டால் பிழை அவனுடையதன்று. மொழிகளின் வரலாறு அவனுக்கு வைத்த பொறி அது.

பிரெஞ்சு மொழியில் அச்சொல் இன்றும் வெறிநாய்க்கடி நோயைக் குறிக்கிறது. கட்டுக்கடங்காச் சினத்தையும் குறிக்கிறது. ஆங்கிலத்திலோ சினம் மட்டும் நின்றுவிட்டது. நாய் எங்கோ போய்விட்டது. ஒரு தாய் வயிற்றுச் சொல் இரண்டு வீடுகளில் இவ்வாறு வேறுபட வாழ்வதற்குக் காரணம் என்ன? சினத்துக்கும் நாயின் பல்லுக்கும் உறவு எவ்வாறு வந்தது? இவற்றை ஆராயப் புகுந்தால், சொல்லாராய்ச்சி என்று தொடங்குவது மருத்துவ வரலாற்றிலே கொண்டுபோய் விடுகிறது. தமிழராகிய நமக்கும் அங்கே ஒரு பங்கு இருக்கிறது.

ஆங்கிலத்தில் சினத்தைச் சொல்லும் சொற்கள் பல. அவற்றின் பிறப்பைச் சிறிது பார்த்துவிடுவோம். ‘ஆங்கர்’ என்பது வடபுலக் கடலோடிகளின் மொழியிலிருந்து வந்தது. அங்கே அதற்குத் துன்பம், நெருக்கம் என்பன பொருள். நெஞ்சு இறுகுதலே அதன் அடிப்படை. ‘ராத்’ என்பது முறுக்குதலைக் குறிக்கும் வேரினது. ‘ஃப்யூரி’ உரோமருடைய பழிவாங்கும் தேவதைகளின் பெயரோடு உறவுடையது. இன்று வழக்கொழிந்து வரும் ‘காலர்’ (சட்டைக் கழுத்து அன்று, வேறு சொல்) கிரேக்கரின் பித்தநீர். நம் நாட்டு மருத்துவரும் பித்தம் மிக்கவன் சினமுடையவன் என்பர். ஆகவே அது நமக்கு வியப்பன்று. இவையெல்லாம் ஒருவனுடைய உடம்புக்குள்ளும் உள்ளத்துக்குள்ளும் நிகழ்வனவற்றைக் கொண்டு பெயர் பெற்றவை, அல்லது தெய்வத்தின் மேல் ஏற்றப்பட்டவை. ‘ரேஜ்’ ஒன்றுதான் தெருவிலிருந்து வந்து கடித்தது.

இலத்தீன் மொழியில் ‘ரபெரே’ என்று ஒரு வினை உண்டு. வெறி கொள்ளுதல், பிதற்றிக் கத்துதல் என்பன அதன் பொருள். வழக்குமன்றத்தில் பொருளின்றிக் கூச்சலிடும் வழக்குரைஞனை உரோமர் ‘ரபுலா’ என்று இகழ்ந்தனர். அச்சொல்லையும் இவ்வினையோடு சேர்த்தே சொல்வர். (உரோமாபுரி அழிந்தும் அவ்வினம் அழியவில்லை.) இவ்வினையிற் பிறந்த பெயர்ச்சொல் ‘ரபியேஸ்’. நாய்க்கு வரும் வெறிக்கும், போர்க்களத்து மறவனின் மூர்க்கத்துக்கும், பொங்கும் கடலுக்கும் உரோமர் அதனையே வழங்கினர். வர்ஜில் என்னும் பெரும்புலவர் தம் காப்பியத்தின் ஆறாம் படலத்தில், தெய்வமேறி நெஞ்சு விம்மி நிற்கும் குறி சொல்லும் முதுமகளின் நிலைக்கும் இவ்வினச் சொற்களையே ஆண்டிருக்கிறார். இதனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் வேலனைப் பற்றிப் பேசும்போது இது வேண்டும்.

உரோமப் பேரரசு சிதைந்த பின் பொதுமக்கள் வாயில் ‘ரபியேஸ்’ தேய்ந்து ‘ரபியா’ ஆயிற்று. பிரான்சு நாட்டு வழக்கில் பகரமும் யகரமும் நெருங்கி நின்ற இடத்தில் இரண்டும் கலந்து ஜகர ஒலி பிறப்பது ஒரு விதி. சிவப்பைக் குறிக்கும் ‘ரூபெயுஸ்’ என்பது ‘ரூஜ்’ ஆனதும், மாற்றுதலைக் குறிக்கும் ‘காம்பியாரே’ என்பது பிரெஞ்சின் வழியே ஆங்கிலத்தில் ‘சேஞ்ச்’ ஆனதும் இவ்வகையினவே. அவ்விதிப்படி ‘ரபியா’ என்பது ‘ராஜ்’ ஆயிற்று. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்று அரசமைத்த பின், அவர் நாவோடு அச்சொல்லும் கடல் கடந்தது. ஏறத்தாழ 1300ஆம் ஆண்டளவில் ஆங்கில ஏடுகளில் அது தலைகாட்டுகிறது.

அங்கே வந்தபோது அது சினத்தை மட்டும் குறிக்கவில்லை. பித்து, முன்பின் எண்ணாத துணிவு, காமத்தின் கொதிப்பு, புயலின் சீற்றம், தீயின் பரவல் எல்லாம் அதன் பொருளாயின. பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த சாசரிடத்தில் இவ்வினச் சொல் கட்டவிழ்ந்த விளையாட்டையும் களியாட்டத்தையும் குறிப்பதாகக் கூட வருகிறது. இவ்வளவுக்கும் பொதுவாக நிற்கும் பொருள் ஒன்றுதான்: தன்வயம் இழத்தல். சினம் அதன் ஒரு கிளை, வேர் அன்று. இன்று நம் அகரமுதலிகள் ‘ஆங்கர்’ என்பதற்கும் ‘ரேஜ்’ என்பதற்கும் சினம், கோபம் என்றே எழுதிச் செல்கின்றன. ஒன்று குறைந்த சினம், மற்றொன்று மிகுந்த சினம் என்று மாணவர்க்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அளவு வேறுபாடு அன்று அது. இன வேறுபாடு என்பதே என் துணிபு.

நார்மானியர் வருமுன் ஆங்கிலேயரை வெறிநாய் கடிக்கவில்லையா என்று கேட்கலாம். கடித்தது. பழைய ஆங்கில மருத்துவ ஏடுகளிலே ‘வேடெஹுண்ட்’ கடிக்கு மருந்து சொல்லியிருக்கிறது. ‘ஹுண்ட்’ நாய்; முன்னுள்ள அடை, வெறி பிடித்த என்னும் பொருளுடைய ‘வோட்’ என்பதன் இனம். செருமானிய மொழியில் சினத்தைக் குறிக்கும் ‘வூட்’ என்பதும், வடபுலத்தாரின் பெருந்தெய்வமாகிய வோடன் பெயரும் அதனோடு உறவுடையன. இந்தச் சொல் பிற்காலத்தில் காட்டையும் மரத்தையும் குறிக்கும் ‘வுட்’ என்பதோடு ஒலியொப்புமை உற்றுவிட்டது. ஷேக்ஸ்பியர் தம் நடுவேனில் இரவுக் கனவு நாடகத்தில் காட்டில் அலையும் காதலன் வாயில் இவ்விரண்டையும் வைத்துச் சிலேடை செய்திருக்கிறார். இன்று அந்தச் சிலேடைக்கு உரையாசிரியர் குறிப்பெழுத வேண்டியிருக்கிறது. ஏனெனில் வெறி என்னும் பொருளுடைய ‘வுட்’ வழக்கொழிந்து போயிற்று. அதன் இடத்தை ‘மேட்’ என்பதும் ‘ரேஜ்’ என்பதும் பங்கிட்டுக் கொண்டன. நாய் ‘மேட்’ என்பதன் பக்கம் போயிற்று. சினம் ‘ரேஜ்’ என்பதன் பக்கம் வந்தது.

பின்னர், பதினாறாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், மருத்துவ நூலார் இலத்தீன் ஏடுகளைப் புரட்டி ‘ரபியேஸ்’ என்பதை அப்படியே எடுத்து நோயின் பெயராக ஆங்கிலத்தில் வைத்தனர். நாம் இன்று ‘ரேபிஸ்’ என்பது இதுவே. ஆக ஒரே இலத்தீன் சொல் ஆங்கிலத்துக்குள் இருமுறை நுழைந்தது. முதல் முறை பொதுமக்கள் வாயிலும் படைவீரர் வாயிலும் தேய்ந்து நுழைந்தது. இரண்டாம் முறை புலவர் கையில் தேயாமல் நுழைந்தது. உடன்பிறந்தவை இரண்டும் ஒரே வீட்டில் ஒன்றையொன்று அறியாமல் வாழ்கின்றன. தற்பவம், தற்சமம் என்று நம் இலக்கணத்தார் வகுத்தது இங்கே நினைவுக்கு வருகிறது.

மற்ற இலத்தீன் வழி மொழிகளில் இந்தப் பிரிவு நேரவில்லை. இசுபானியரின் ‘ரபியா’, போர்த்துகீசியரின் ‘ரைவா’, இத்தாலியரின் ‘ரப்பியா’ எல்லாம் நோயையும் சினத்தையும் ஒருங்கே குறிக்கின்றன. மிளகாய்க் காரம் மிகுந்த குழம்பொன்றுக்கு இத்தாலியர் ‘அர்ரப்பியாத்தா’ என்று பெயரிட்டுள்ளனர். சினங்கொண்டது என்பது பொருள். வெறிநாயைக் குறிக்கும் அடையும் அச்சொல்லே. செருமானியர் நோய்க்கு வைத்த ‘டோல்வூட்’ என்னும் பெயரிலும் பித்தும் சினமும் சேர்ந்தே நிற்கின்றன. ஆங்கிலம் ஒன்றில்தான் நோய் தனியே பிரிந்தது. பிரிந்ததனால் ‘ரேஜ்’ அச்சம் நீங்கி எங்கும் உலவத் தொடங்கியது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் புதுப்பாணி உடையையும் தொப்பியையும் குறிக்கக் கூட ஆங்கிலேயர் இதனை வழங்கலாயினர். வெறிநாயின் பெயரைத் தொப்பிக்கு வைத்தார்கள் என்றால், அதன் பிறப்பை எவ்வளவு மறந்திருப்பார்கள்!

இந்த உறவு உரோமர் கண்டுபிடித்ததும் அன்று. இற்றைக்கு ஏறக்குறைய நாலாயிரம் ஆண்டுகட்கு முன் மெசபொத்தேமியாவில் எசுநுன்னா என்னும் நகரத்துச் சட்டம் களிமண் பலகையிலே பொறிக்கப்பட்டது. வெறிநாய் என்று அறிவிக்கப்பட்டும் அதனை உடையவன் அடக்கி வைக்காமல், அது ஒருவனைக் கடித்துக் கொன்றால், உடையவன் 40 செக்கல் வெள்ளி தண்டம் இறுக்க வேண்டும். இறந்தவன் அடிமையாயின் 15 செக்கல் போதும். சட்டத்தின் அறம் எப்படியாயினும், அங்கும் நாயின் நோயைக் குறிக்கும் அக்காதிய வினை, மூர்க்கங் கொள்ளுதலையே குறிக்கும்.

கிரேக்கர் இதற்கு வைத்த பெயர் ‘லிஸ்ஸா’. ஓமரின் இலியத்தில் மறவர்க்கு வரும் போர்வெறியின் பெயர் அது. எட்டாம் படலத்தில், எத்தனை அம்பெய்தும் எக்டரை வீழ்த்த இயலாத வில்லாளன் ஒருவன் அவனை வெறிநாய் என்றே சொல்லிக் குமுறுகிறான். யூரிப்பிடீசு தம் ஹெரக்ளீஸ் நாடகத்தில் லிஸ்ஸாவை ஒரு பெண் தெய்வமாகவே மேடையில் ஏற்றினார். அவள் ஏவலினால்தான் அந்த மாவீரன் தன் மக்களையே பகைவரென்று மயங்கிக் கொல்கிறான். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு மட்கலம் ஒன்றில் லிஸ்ஸாவின் தலைமேல் நாய்த்தலை தீட்டப்பட்டிருக்கிறது. அந்தத் தெய்வம் இன்றும் அழியவில்லை. நோயை உண்டாக்கும் நுண்ணுயிரின் இனத்துக்கு அறிவியலார் ‘லிஸ்ஸா வைரஸ்’ என்றே பெயரிட்டுள்ளனர்.

அரிஸ்டாட்டில் தம் விலங்கு நூலில், வெறிநாய் கடித்தால் மனிதனைத் தவிர எல்லா உயிர்க்கும் நோய் வரும் என்றெழுதியது அறிஞருலகின் பெரும் பிழைகளுள் ஒன்று. நம் நாட்டில் சுசுருத சங்கிதையின் கல்பத்தானம் இந்நோயை இன்னும் தெளிவாக அறிந்திருந்தது. கடியுண்டவன் நீரைக் கண்டோ அதன் ஒலியைக் கேட்டோ அஞ்சினால் பிழைக்கமாட்டான் என்றும், கடித்த விலங்கின் குரலையும் செயலையும் காட்டி இறப்பான் என்றும் அது கூறுகிறது. முதற்செய்தி முற்றும் உண்மை. இரண்டாவது செய்தியைப் பற்றிப் பின்னர்ச் சொல்வேன்.

ஈண்டு ஒரு தடை எழுப்ப வேண்டும். ‘ரேபிஸ்’ என்பது வடமொழி ‘ரபஸ்’ என்பதிலிருந்து வந்தது என்று சிலர் எழுதிச் செல்கின்றனர். ‘ரபஸ்’ என்பதற்கு வேகம், வன்மை என்பன பொருள். இலத்தீனத்தையும் வடமொழியையும் ஒரு குடும்பம் என்று கொள்வோர் இவ்விரண்டையும் இணைத்துக் காட்டியதுண்டு. எல்லோரும் அதனை ஏற்பதில்லை. ஏற்றாலும் அவை தமக்கை தங்கையராகலாமே யன்றித் தாய் மகளாகா. நம் நாட்டுச் சொல்லுக்குப் பெருமை தேட வேண்டின் வேறு வழி உண்டு, பொய்வழி வேண்டா.

இனி, இத்தனை மொழிகளும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியது போலச் சினத்தையும் நோயையும் ஒரு சொல்லாற் கட்டியது ஏன் என்பதைப் பார்ப்போம். காரணம் நோயின் தன்மையிலேயே இருக்கிறது. கடிவாயில் புகுந்த நுண்ணுயிர் குருதியோடு ஓடுவதில்லை. நரம்பைப் பற்றிக்கொண்டு மெல்ல மெல்ல மூளையை நோக்கி ஏறுகிறது. பெரும்பாலும் சில வாரங்கள், சிலபோது பல திங்கள் அந்தப் பயணம் நடக்கும். அதுவரை புண் ஆறியிருக்கும். கடியுண்டவன் அதனை மறந்தும் இருப்பான். மூளையை அடைந்ததும் அச்சம், சினம் முதலிய உணர்ச்சிகளை ஆளும் பகுதிகளை அது கெடுக்கிறது. அதே வேளையில் உமிழ்நீர்ச் சுரப்பிகளிலும் வந்து நிறைகிறது. வாயில் நஞ்சும் மூளையில் மூர்க்கமும் ஒரே காலத்தில் சேர்கின்றன. நேற்றுவரை வாலாட்டிய நாய் இன்று தன்னை வளர்த்தவன் கையையே கவ்வுகிறது. பகை இல்லை, காரணம் இல்லை, முன்னறிவிப்பு இல்லை. வீட்டுக்குள்ளே உண்டு உறங்கிய உயிர் வேறொன்றாகிவிட்டது. காரணமற்ற மூர்க்கத்துக்கு மனிதன் வேறு எங்கே போய் உவமை தேடுவான்?

ஆனால் இந்தப் பெயரினால் தீமையும் விளைந்தது. பெயரே சினம் என்று இருந்தமையால், நோயுற்ற மனிதனும் நாய்போற் பாய்ந்து கடிப்பான் என்று உலகம் நம்பியது. ஐரோப்பாவில் இத்தகைய நோயாளிகளை மெத்தைகளுக்கிடையே அழுத்தி மூச்சடக்கிக் கொன்ற செய்திகள் பழைய நூல்களில் பதிவாகியிருக்கின்றன. நம் ஊர்களிலும் நோயாளியைக் கட்டிப் போடுதலும், நாய்போற் குரைப்பான் என்று அஞ்சி அருகே செல்லாமையும் இருந்தன. சுசுருதர் சொன்ன குரல் இதுதான். உண்மையில் அது குரைப்பன்று. தொண்டைத் தசைகள் இழுத்துப் பிடிப்பதனால் மூச்சும் குரலும் தடைப்பட்டு எழும் ஒலி அது. நீரைக் கண்டு அஞ்சுவதும் அதனால்தான், விடாய் இல்லாமலன்று. விடாய் கொன்றெடுக்க, விழுங்க முயலும்போது தொண்டை பூட்டிக்கொள்கிறது; ஒருமுறை அந்த வேதனையை அறிந்தவனுக்கு நீரின் பேச்சே போதும். இழுப்புக்கும் இழுப்புக்கும் இடையே பெரும்பாலோர்க்குத் தெளிவு இருக்கிறது. உற்றாரை அடையாளம் காண்கின்றனர், பேசுகின்றனர், தமக்கு நேர்வதை உணர்கின்றனர். அவ்வேளையில் அவர்களுக்கு வேண்டியது கயிறு அன்று, கை. மனிதன் மனிதனைக் கடித்து இந்நோய் பரவுதல் மிக மிக அரிது. ஒரு சொல் நோயாளிகளின் கடைசி நாட்களைத் தனிமைப்படுத்தி விட்டது.

இன்னொரு தீமையும் உண்டு. இந்நோயின் ஒரு வகையில் சீற்றமே இராது. நாய் மூலையில் ஒடுங்கும்; கீழ்த்தாடை தொங்கும்; எச்சில் வழியும். தொண்டையில் எலும்பு சிக்கியதோ என்று இரங்கி வாய்க்குள் கைவிட்டுப் பார்ப்பவர் உண்டு. மனிதரிடத்தும் ஐந்தில் ஒரு பங்கு அளவில் இந்நோய் வெறியாக வாராமல் முடக்கமாக வருகிறது. ‘சினம்’ என்று பெயர் வைத்துவிட்டு, சினமில்லாத நாயைக் கண்டால் நோயில்லை என்று முடிவு கட்டுவது இயல்புதானே?

பாஸ்டர் தம் கட்டுரையில் விளக்கியது யோசேப்பு மெய்ஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனின் வரலாறு. அல்சாசு நாட்டைச் சேர்ந்த அவனை 1885 சூலை 4ஆம் நாள் வெறிநாய் பல இடங்களில் கடித்தது. இரண்டு நாள் கழித்துத் தாய் அவனைப் பாரிசுக்குக் கொணர்ந்தாள். பாஸ்டர் வேதியியலார்; மருத்துவர் அல்லர்; ஊசியைத் தம் கையால் இட இயலாது. நோயுற்ற முயலின் தண்டுவடத்தை உலர்த்தி வலிமை குறைத்த மருந்தை, கிராஞ்சே என்னும் மருத்துவர் 13 முறை செலுத்தினார். சிறுவன் பிழைத்தான். வளர்ந்தபின் பாஸ்டர் நிலையத்திலேயே வாயிற்காவலனாக வேலை பார்த்து 1940இல் மறைந்தான். நோய் மூளையை எட்டுவதற்குப் பிடிக்கும் அந்தச் சில வாரங்களே பாஸ்டருக்குக் கிடைத்த இடைவெளி. நரம்பு வழியே நஞ்சு ஏறுமுன் உடம்பு தன் காவலைத் திரட்டிக்கொள்ள வேண்டும். சினம் மூளும் முன்னே அதனைத் தடுப்பது என்று மாணவன் கொண்ட பிழைப்பொருளும் அத்தனை பிழையன்று போலும்.

இந்தியாவில் கடியுண்டு பொருள் வசதியுடையோர் அக்காலத்தில் பாரிசுக்கே கப்பலேற வேண்டியிருந்தது. 1900இல் கசௌலி மலையில் பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்டது. அது வடக்கே இருந்தமையால் தென்னாட்டார்க்கு எட்டவில்லை. 1902இல் தென்னாட்டில் ஓர் ஆங்கிலக் குடும்பத்துப் பெண் இந்நோயால் இறந்தது பேரதிர்ச்சியை உண்டாக்கிற்று. அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபிப்ஸ் கர்சன் பிரபுவிடம் அளித்திருந்த நன்கொடையிலிருந்து ஒரு பகுதி கிடைக்க, நீலகிரியில் குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்டர் நிலையம் எழுந்தது; 1907 ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்டது. கசௌலியில் பணியாற்றிய டேவிட் செம்பிள் என்பவர் 1911இல், ஆட்டின் மூளையில் வளர்த்து ஃபீனால் கொண்டு செயலறச் செய்த மருந்தை உருவாக்கினார். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் தலைமுறையினர் குழந்தைப் பருவத்தில் கேட்டு நடுங்கியது இந்த மருந்தைத்தான். மூளைத் திசு கலந்தமையால் சிலர்க்கு அம்மருந்தே முடக்கம் தந்ததும் உண்டு. ஆயினும் பல்லாயிரவரை அது காத்தது. 2004ஆம் ஆண்டோடு இந்தியாவில் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. இப்போது உயிரணுக்களில் வளர்த்த தூய மருந்தைத் தோளிலே இடுகின்றனர். கடிவாயை உடனே சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவ வேண்டும் என்பதும், அதன்பின் தாமதமின்றி ஊசிக்குச் செல்ல வேண்டும் என்பதும் அனைவரும் அறிய வேண்டியன. மருந்து இருந்தும் உலகில் ஆண்டுதோறும் 59,000 பேர் அளவில் இந்நோயால் இறக்கின்றனர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

இனித் தமிழுக்கு வருவோம். சினத்துக்கு நம்மிடம் சொற்பஞ்சம் இல்லை. சீற்றம் பாம்பின் மூச்சிலிருந்து வந்தது. கொதிப்பும் கனலும் அடுப்படியில் பிறந்தவை. வெகுளி என்பதனைத் தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாட்டுள் ஒன்றாக வைத்து, அது பிறக்கும் நிலைக்களன் நான்கு என்றார். உறுப்பறுத்தல், குடியிருப்போரை நலிதல், அலைத்தல், கொல்லுதல் என அவை விரியும். எல்லாம் பிறர் செய்யும் கொடுமைகள். அதாவது வெகுளிக்குக் காரணம் உண்டு. காரணம் உள்ளதனால் அதனை அடக்கவும் கூடும். ஆதலின் வள்ளுவர் வெகுளாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஆனால் வெறி என்பது வேறு. வெறிக்கு நிலைக்களன் கூறுவாரில்லை. வெறியாமை என்று அதிகாரமும் இல்லை. வெறியனுக்கு அறிவுரை சொல்லிப் பயன் என்ன?

சங்க இலக்கியத்தில் வெறி என்பது முருகேறிய வேலன் ஆடும் ஆட்டம்; நறுமணத்துக்கும் பெயர்; கள்ளின் மயக்கத்துக்கும் பெயர். தலைவியின் மெலிவுக்குக் காரணம் காதல் என்பதறியாத தாய் வேலனை அழைத்து வெறியயர்விக்கும் துறை அகப்பாடல்களில் பலமுறை வருவது. அச்சொல்லே பிற்காலத்தில் நாயின் நோய்க்கும் ஆயிற்று. வர்ஜிலின் முதுமகள் தெய்வமேறி நின்றதும் வேலன் தெய்வமேறி ஆடியதும், இருமொழியிலும் நாய்க்கு வரும் நோயின் பெயராலேயே சுட்டப்படுவதை எண்ணிப் பாருங்கள். இரண்டும் ஒன்றிலிருந்து ஒன்று கடன் பெற்றவை அல்ல. வெளியிலிருந்து ஒன்று உள்ளே புகுந்து ஆளை ஆட்டிவைக்கிறது என்னும் ஒரே காட்சியை இரு மக்கள் தனித்தனியே கண்டனர். ஈழத்தமிழர் ‘விசர்நாய்’ என்பர்; விசர் என்றால் பித்து. அவர் சினத்தை விட்டுப் பித்தைப் பிடித்தனர். பொருள் அங்கேதான் வந்து நிற்கிறது.

இன்னும் ஓர் ஒப்புமை. ஆங்கிலத்தில் கண்மூடிக் கொள்கை பிடித்தவனை ‘ரேபிட்’ என்பர். வெறிநோய் கொண்ட என்பது அதன் நேர்ப்பொருள். 1793இல் பிரெஞ்சுப் புரட்சியின் தீவிரப் பிரிவினரை ‘ஆன்ராஜே’ என்றனர். அதற்கு மூன்று நூற்றாண்டு முன்னமே புளோரன்சு நகரில் துறவி சவொனரோலாவை எதிர்த்த கட்சியார்க்கு ‘அர்ரப்பியாத்தி’ என்று பெயர் வழங்கிற்று. நாம் மதவெறி, இனவெறி, சாதிவெறி என்கிறோம். மதச்சினம், சாதிக்கோபம் என்று எவரும் சொல்வதில்லை. சொன்னால் அதற்கு ஒரு நியாயம் இருப்பது போலத் தோன்றிவிடும். ஆதலால் ‘ரேஜ்’ என்பதனைத் தமிழில் பெயர்ப்போர் பெருஞ்சினம் என்று நீட்டுவதைவிட, இடம் நோக்கி வெறி என்றே ஆள்வது பொருந்தும். ‘ரோட் ரேஜ்’ என்று 1980களின் கடைசியில் அமெரிக்காவில் பெயர் பெற்ற கேடு, இன்று தில்லியிலும் சென்னையிலும் வண்டி உரசியதற்காக உயிர் வாங்குகிறது. அதனைச் சாலைச் சினம் என்பது அதற்குத் தகாத மரியாதை. சாலைவெறி என்க.

ஆனால் நாய்க்கு வரும் நோயைப் பொறுத்தவரை ஆங்கிலேயர் செய்த பிரிவினையே நன்று என்று எனக்குத் தோன்றுகிறது. வெறிநாய்க்கடி என்னும் தொடர் நம்மிடம் நின்றுவிட்டது. அதனைப் பெயர்த்தெறிய இயலாது. எனினும் ஒடுங்கிக் கிடக்கும் நாயும் நோயுற்றதாயிருக்கலாம், கட்டிலில் துடிக்கும் மனிதன் வெறியன் அல்லன் என்பவற்றை அத்தொடர் மறைக்கிறது. 2025 ஆகஸ்டு 11ஆம் நாள் தில்லித் தெருநாய்களையெல்லாம் காப்பகங்களில் அடைக்குமாறு உச்சநீதிமன்றம் ஆணையிட்டதும், 22ஆம் நாள், கருத்தடையும் ஊசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநோய் கண்டவையும் தாக்கும் இயல்பின என அறியப்பட்டவையும் நீங்கலாக என்று திருத்தியதும் பலர் நினைவில் இருக்கும். அந்தப் பதினொரு நாளும் தலைநகரில் நாய்க்குப் பரிந்தோரும் நாய்க்கு அஞ்சினோரும் ஒருவரையொருவர் ஏசிய வேகத்தைக் கண்டவர், அச்சொல்லின் இரு பொருளும் ஒரே தெருவில் எதிர்ப்பட்டதைக் கண்டார்.

அதே ஆண்டின் இறுதியில் ஆக்ஸ்ஃபோர்டு அகரமுதலியார் ஆண்டின் சொல்லாக ‘ரேஜ் பெய்ட்’ என்பதனைத் தேர்ந்தனர். படிப்போரைச் சினமூட்டித் தம் பக்கம் இழுப்பதற்கென்றே இணையத்தில் இடப்படும் செய்தியும் படமும் அப்பெயர் பெறும், வெறித்தூண்டில் எனலாம். இத்தொடரின் பின்பாதியாகிய ‘பெய்ட்’ என்பதும் வடபுலத்தார் மொழியினின்று வந்ததே. ‘பைட்’ என்றால் கடித்தல். அதன் பிறவினை ‘பெய்ட்’. கட்டி வைத்த கரடியின்மேல் நாய்களை ஏவி விடுதலுக்குப் பழைய ஆங்கிலேயர் வழங்கிய சொல் அது. கடிப்பித்தல் என்பதே அதன் முதற்பொருள்.